அப்பா என்ன விசிட்டரா?

அரசு மருத்துவமனைகளில் பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிற ஆண்களைப் பார்த்திருப்பீர்கள். கையில் ஒரு பிளாஸ்க், தோளில் துண்டு, சட்டைப்பையில் நாலாக மடித்த சீட்டு. கதவு திறக்கும்போதெல்லாம் அத்தனை பேரும் ஒன்றாக எழுந்து நிற்பார்கள். உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் ஓடுவார். "ரத்தம் ஏற்பாடு பண்ணுங்க", "இந்த மருந்த வாங்கிட்டு வாங்க", "இங்க ஒரு கையெழுத்து". அவ்வளவுதான் அவருக்கு வேலை. குழந்தை பிறந்தபிறகும் சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில்தான் உள்ளே போகலாம். பக்கத்து வீட்டு அக்கா, ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்த பெரியப்பா, அப்பா... மூன்று பேருக்கும் ஒரே வரிசை, ஒரே நேரம்.

பி.காம். படிக்கிறவனுக்கு இந்த விஷயத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். போன முறை ஜி.எஸ்.டி. பற்றி எழுதி மூன்று பேரைத் தூங்க வைத்தேன். இந்த முறை எனக்குத் தெரிந்த கணக்கை எனக்குத் தெரியாத ஒரு துறைக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று ஆசை. போன வருஷம் என் அக்காவுக்குக் குறைமாதப் பிரசவம். 34 வாரத்தில் பையன், எடை 1 கிலோ 700 கிராம். பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்தோம். (எந்த மருத்துவமனை என்று சொல்லப் போவதில்லை. பெயரை மாற்றிப் போட்டாலும் கதை மாறாது.) அந்தப் பன்னிரண்டு நாளில் நான் பார்த்ததையும், அதற்கப்புறம் ஆர்வம் தாங்காமல் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் நம்ம ஊர் வழக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஏனென்றால் அப்பாவை வெளியே நிறுத்துகிற வேலையை மருத்துவமனை தொடங்கி வைக்கவில்லை, நாம்தான் தொடங்கினோம். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறோம். அக்காவைக் கொடுத்தது வில்லியனூரில். எங்கள் வீடு உழவர்கரையில், மூலக்குளம் பக்கம். ஒரு பஸ் தூரம்தான். ஆனாலும் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் மாப்பிள்ளை. நாற்காலி போட்டு, காபி கொடுத்து, விசிறியை அவர் பக்கம் திருப்பி வைப்போம். குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டுவார்கள். அவர் இரண்டு நிமிடம் பார்ப்பார், தூக்கத் தெரியாது என்பார், திரும்பக் கொடுத்துவிடுவார். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பெண்ணையும் பிள்ளையையும் கொண்டுபோய் விடும்வரைக்கும் அவர் விருந்தாளிதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால் தாய்மாமனுக்கு, அதாவது எனக்கு, ஏகப்பட்ட வேலை. முதல் மொட்டை என் மடியில். காது குத்து என் மடியில். சீர் என் கையால். அப்பாவுக்கென்று அப்படி ஒரு மடி வைத்த சடங்கு ஏதாவது இருக்கிறதா என்று ஆயாவைக் கேட்டேன். (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம், வார்டு ஆயாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) "அவன்தான்டா செலவு பண்றான்" என்றது ஆயா. உண்மையில் குழந்தை வளர்ப்பில் அக்காவுக்குச் சரிபாதிப் பங்காளி ஆயாதான். எண்ணெய் தேய்ப்பது, குளிப்பாட்டுவது, ராத்திரி எழுந்து உட்காருவது எல்லாம் அதுதான். அந்த முறையில் நல்லதும் இருக்கிறது. பெற்ற உடம்புக்கு அம்மா வீட்டு ஓய்வு கிடைக்கிறது, அனுபவமுள்ள கை பக்கத்தில் இருக்கிறது. அதைக் குறைசொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் ஆயாவுக்கு இடுப்பு வலி வந்தால் என்ன செய்வது என்பதற்கு அந்த முறையில் பதில் இல்லை. எங்களுக்கு அதுதான் வந்தது.

குறைமாதக் குழந்தைக்குக் கண்ணாடிப் பெட்டியைவிட மனித உடம்பின் சூடு நல்லது என்று இப்போது எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். கங்காரு பராமரிப்பு என்று பெயர். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் எட்கர் ரே என்ற டாக்டர் ஆரம்பித்தது. அங்கே குழந்தைகள் அதிகம், இன்குபேட்டர் குறைவு. ஒரே பெட்டிக்குள் இரண்டு மூன்று குழந்தைகள் படுத்து ஒன்றின் நோய் மற்றதுக்குத் தொற்றியது. சரி, அம்மாவின் நெஞ்சிலேயே கட்டிவிடுவோம் என்றார். இல்லாமையில் பிறந்த வைத்தியம். கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய பெரிய ஆய்வு 2021-ல் வெளிவந்தது. பிறந்த உடனேயே இதை ஆரம்பித்தால் எடை மிகக் குறைந்த குழந்தைகளின் இறப்பு கால் பங்கு குறைகிறது என்று அதில் தெரிந்தது. இந்தியாவில் அது நடந்தது டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையில்.

செய்முறை சுலபம். குழந்தைக்குக் குல்லா, காலுறை, அணையாடை மட்டும். சட்டையைத் திறந்து நெஞ்சின் நடுவே நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, கால்களைத் தவளை மாதிரி மடக்கி, மேலே துணியால் கட்டிவிட வேண்டும். ஒரு தடவை வைத்தால் குறைந்தது ஒரு மணி நேரமாவது அசையாமல் இருக்க வேண்டும், ஒரு நாளில் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது.

அவ்வளவு நேரத்தை யார் கொடுப்பது? அக்காவுக்கு ஆறாம் நாள் காய்ச்சல். ஆயா ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழ முடியாமல் அழுதுவிட்டது. அம்மா வீட்டில் தாத்தாவைப் பார்க்க வேண்டும். அன்றைக்கு ராத்திரி டூட்டியில் இருந்த சிஸ்டர், வயதானவர், வார்டுக் கதவைத் திறந்து கேட்டார்: "இந்தப் புள்ளையோட அப்பா எங்க?"

மாமா அப்போதுதான் மேட்டுப்பாளையத்திலிருந்து ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். பிளாஸ்டிக் மோல்டிங் வேலை. விரல்களில் சுட்ட தழும்பு எப்போதும் இருக்கும். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள், கழுவினார். மோதிரத்தையும் வாட்ச்சையும் என்னிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மாப்ள, கை சொரசொரன்னு இருக்குடா. கீறிடாதா?" சிஸ்டர் காதில் அது விழுந்துவிட்டது. "நெஞ்சுமேலதானப்பா வைக்கப் போறேன், வா" என்று அழைத்துக்கொண்டு போனார். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். பையன் தூங்கிக்கொண்டிருந்தான். மாமா தூங்கவில்லை. மூச்சை எண்ணுகிற மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ராத்திரி வேறு சிஸ்டர். "ஆம்பளைங்கல்லாம் வெளிய போங்க". மாமா ஒன்றும் பேசாமல் வெளியே வந்துவிட்டார். அதற்கடுத்த நாள் பழைய சிஸ்டர், மறுபடி உள்ளே. ஆக, ஒரு குழந்தைக்கு அப்பாவின் நெஞ்சு கிடைக்குமா என்பது அன்றைய டூட்டி சார்ட்டைப் பொறுத்து இருந்தது. இதை யாரையும் திட்டுவதற்காக எழுதவில்லை. வெளியே அனுப்பின சிஸ்டரின் நியாயமும் எனக்குப் புரிந்தது. அந்த அறையில் வேறு அம்மாக்கள் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு தட்டி கிடையாது, திரை கிடையாது. ஒரு ஆணை உள்ளே விட்டால் மற்ற பெண்களுக்குச் சங்கடம். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியது அவர்தான்.

இந்த இடத்தில்தான் நர்சிங் ஆராய்ச்சி என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது. நர்ஸ் என்றால் ஊசி போடுவார், டாக்டர் சொன்னதைச் செய்வார் என்ற அளவில்தான் நம் பொது அறிவு. பிரசவத்தில் கூடவே ஒரு ஆள் இருந்தால் என்ன ஆகிறது என்ற கேள்வியைப் பல வருஷமாகத் தொகுத்து எழுதிய எலன் ஹாட்னெட், கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் நர்சிங் பேராசிரியை. அந்தத் தொகுப்பின் 2017-ம் வருஷப் பதிப்பில் 17 நாடுகளின் 26 ஆய்வுகள், 15,000-க்கு மேற்பட்ட பெண்கள். துணை இருந்தால் இயல்பான பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, வலி நேரம் கொஞ்சம் சுருங்குகிறது. ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முந்தைய பதிப்புகளில் அதிகப் பலன் தெரிந்தது, துணைக்கு இருந்தவர் மருத்துவமனை ஊழியராகவும் இல்லாமல் சொந்தக்காரராகவும் இல்லாமல் இருந்தபோதுதான். அதனால் புருஷன் கையைப் பிடித்தால் சிசேரியன் தப்பிவிடும் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம் :-)

அப்பாவைத் தனியாகப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. 2007-ல் சுவீடனில் கெர்ஸ்டின் எர்லாண்ட்சனும் கூட இருந்தவர்களும் செய்தது எனக்குப் பிடித்தது. சிசேரியன் ஆன அம்மா கொஞ்ச நேரம் குழந்தையை வைத்துக்கொள்ள முடியாது இல்லையா, அந்த நேரத்தில் சில குழந்தைகளை அப்பாவின் வெற்று நெஞ்சில் வைத்தார்கள், சிலவற்றை அப்பா பக்கத்திலேயே தொட்டிலில் படுக்க வைத்தார்கள். நெஞ்சில் இருந்தவை குறைவாக அழுதன. ஒரு மணி நேரத்துக்குள் கண் சொருகின. தொட்டிலில் இருந்தவற்றுக்கு அதற்கு 110 நிமிடம் ஆனது. மொத்தம் 29 குழந்தைகள்தான். எங்கள் புள்ளியியல் வாத்தியார் 29-ஐப் பார்த்தால் சிரிப்பார். ஆனாலும் அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கதவிடுக்கில் பார்த்தவனுக்கு அந்தக் கணக்கு உடனே ஒட்டிக்கொண்டது.

சுவீடன் பணக்கார நாடு, நமக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்குப் பக்கத்து ஊர் உதாரணம். டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில், நோயுள்ள பச்சைக் குழந்தைகளின் வார்டுக்குள் பெற்றோரையே விட்டுப் பார்த்தார்கள். கை கழுவுவது, சுத்தம் செய்வது, பால் புகட்டுவது, ஆபத்து அறிகுறி பார்ப்பது எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு விட்டார்கள். 295 குழந்தைகள். 2017-ல் முடிவு வெளிவந்தது. எல்லாரும் பயப்படுகிற விஷயம் என்ன? வெளி ஆள் வந்தால் கிருமி வரும். கிருமித் தொற்று இரண்டு பக்கத்திலும் பெரிய வித்தியாசமில்லை. வீட்டுக்குப் போகும்போது தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகள் பெற்றோர் இருந்த பக்கம் 80.4 சதவீதம், இல்லாத பக்கம் 66.7. அதே 2017-ல் மத்திய அரசு இதை வழிகாட்டு நெறியாகவே அச்சடித்துவிட்டது. அதாவது மாமாவை உள்ளே விட்ட சிஸ்டர் சலுகை காட்டவில்லை, அரசாங்கம் சொன்னதைத்தான் செய்தார்.

பிரசவ அறைக்கும் இப்படி ஒரு காகிதம் இருக்கிறது. தமிழ்நாடு 2004-லேயே அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதித்தது. பெண் துணை மட்டும். 2016-ல் மத்திய அரசின் வழிகாட்டுதலும் அடிப்படையில் பெண் துணையைத்தான் சொல்கிறது, ஆனால் தனிமைக்கு ஏற்பாடு இருக்கிற இடத்தில் கணவரை விடலாம் என்று ஒரு வாக்கியம் சேர்த்திருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தின் விலை என்ன? ஒரு கம்பி, ஒரு திரைத்துணி. தனியார் மருத்துவமனையில் தனி அறை எடுக்கிறவருக்கு அது வாடகையிலேயே வந்துவிடுகிறது. அரசு வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுப்பவருக்குத்தான் வருவதில்லை.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். மாமாவுக்கு ஒரு நாள் கூலி 550 ரூபாய், காண்ட்ராக்டர் மூலம். அந்தப் பன்னிரண்டு நாளில் ஒன்பது நாள் வேலைக்குப் போகவில்லை: 4,950. லீவு போடாமல் வந்தால் கிடைக்கிற அட்டெண்டன்ஸ் போனஸ் போச்சு: 800. பெட்ரோல், டீ, ராத்திரி பரோட்டா பார்சல் நாளைக்கு 200 வீதம் பன்னிரண்டு நாளைக்கு 2,400. ஆக மொத்தம் 8,150 ரூபாய். மருந்து இலவசம், படுக்கை இலவசம், பிரசவம் இலவசம். அப்பாவாக இருப்பதற்கு மட்டும் 8,150.

எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி ஒரு அரசு ஊழியர். அவருக்கும் போன வருஷம்தான் பெண் குழந்தை. புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கு மத்திய அரசின் விடுப்பு விதிகள்தான். அதில் 43-ஏ என்று ஒரு விதி, தந்தையர் விடுப்பு 15 நாள், முழுச் சம்பளத்தோடு.  அவர் எடுத்துக்கொண்டார், எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். மாமாவுக்கு ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். அதில் மனைவிக்கு வைத்தியம் உண்டு. அவருக்கு விடுப்புப் பணம் வேண்டுமென்றால் அவரே நோயில் விழ வேண்டும், அப்போது கூலியில் 70 சதவீதம் வரும். குழந்தைக்கு நெஞ்சைக் கொடுக்கிற அப்பா நோயாளி இல்லையே! 2017-ல் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கினபோதும் அப்பாவைப் பற்றிப் பேச்சில்லை. அதே வருஷம் ராஜீவ் சதவ் என்ற எம்.பி. எல்லாத் துறைக்குமாகத் தந்தையர் விடுப்பு மசோதா ஒன்றைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், நிறைவேறவில்லை. 2020-ல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இல்லை.

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது கோரிமேட்டுப் பக்கம் நர்சிங் படிக்கிற பள்ளித் தோழி ஒருத்தியிடம் பேசினேன். அவள் கடைசி வருஷ ப்ராஜெக்டே இதுதான்! குறைமாதக் குழந்தைகளின் அப்பாக்களுக்குக் கங்காரு பராமரிப்பு பற்றி எவ்வளவு தெரியும் என்று கேள்வித்தாள் கொடுத்து மார்க் போடுவது, பிறகு படம் காட்டிப் பாடம் நடத்திவிட்டு அதே கேள்வித்தாளை மறுபடி கொடுப்பது. மார்க் கூடினால் திட்டம் வெற்றி. நம் நாட்டு நர்சிங் கல்லூரிகளில் இந்த மாதிரி ஆய்வுகள் நிறைய நடக்கின்றனவாம்.

எனக்கு ஒரு சந்தேகம் கேட்கத் தோன்றியது. "மாமாவுக்கு அந்த ராத்திரிக்கு முன்னாடி கங்காருன்னா ஆஸ்திரேலியான்னுதான் தெரியும். சிஸ்டர் அஞ்சு நிமிஷம் சொன்னாங்க, செஞ்சுட்டார். தெரியாததால நிக்கலையே, விடாததாலயும் கூலி போறதாலயும்தானே நின்னார்? உன் கேள்வித்தாள்ல அதுக்கு எங்க மார்க்?" என்றேன். நேபாளத்தில் காத்மாண்டு பிரசவ மருத்துவமனையில் 442 பெண்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2007-ல் வெளிவந்தது. அதில் அவர்கள் கேள்வித்தாள் மார்க்கோடு நிற்கவில்லை. கணவனையும் சேர்த்து உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தால், பிரசவத்துக்குப் பிறகான பரிசோதனைக்குப் பெண்கள் திரும்பி வருவது கூடுகிறதா என்று பார்த்தார்கள். கூடியது. செயலை அளந்தார்கள், மார்க்கை இல்லை. இதையும் அவளிடம் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. வேறு ஒரு பிரச்சினையைச் சொன்னாள். கேள்வித்தாளோடு பகலில் வார்டுக்குப் போனால் கிடைக்கிற அப்பாக்கள் யார்? லீவு இருக்கிறவர்கள். அரசு வேலை, சொந்தக் கடை, இல்லையென்றால் வேலையே இல்லாதவர்கள். கட்டட வேலைக்குப் போகிறவர், மீன்பிடிக்கப் போகிறவர், திண்டிவனம் விழுப்புரம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து பஸ் ஏறிப் போகிறவர் ஒருத்தரும் அவள் பட்டியலில் இல்லை. யாருக்காக ஆராய்ச்சியோ அவர்களே சாம்பிளில் இல்லை! அவளுடைய கைடு மேடமும் இதைக் கவனித்திருக்கிறார். கல்லூரி நேரம் நாலு மணியோடு முடிகிறது, ராத்திரி வார்டுக்கு மாணவிகளை அனுப்ப அனுமதி வேண்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறார்களாம்.

அனுமதி இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் மருத்துவமனைக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் அப்பாக்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று சொல்லியிருக்கிறேன். மாமா கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். கேள்வித்தாளில் புதிதாக இரண்டு கேள்வி சேர்த்திருக்கிறாள்: "உங்கள் குழந்தையை இதுவரை எத்தனை தடவை தூக்கியிருக்கிறீர்கள்?", "இன்றைக்கு இங்கே இருப்பதால் உங்களுக்கு எவ்வளவு நஷ்டம்?" இரண்டாவது கேள்விக்கான கட்டங்களை நான்தான் போட்டுக் கொடுத்தேன்.